கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு? பக்கவாதத் தடுப்பு மருந்து எடுப்பவரைப் பார்த்துக்கொள்ளப் போகும் புதிய செவிலியருக்கு

மெடிக்கல் வார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இப்படி ஒருவர் உங்கள் கைக்கு வந்துவிடுவார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும், நாடியைப் பிடித்தால் தாளமில்லாமல் ஓடும், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன்" என்பார். என்ன மாத்திரை என்று கேட்டால் பெயர் தெரியாது, சின்னதாக இருக்கும் என்று மட்டும் சொல்வார்.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த மருந்தைப் பற்றி ஒரே ஒரு பயம்தான் இருக்கும்: ரத்தம் கசிந்துவிடுமோ என்று. அந்தப் பயம் நியாயமானது, அது இருக்கட்டும். ஆனால் இந்த வேலையில் பல வருடம் இருந்த பிறகு எனக்கு அதே அளவு பயம் இன்னொன்றிலும் இருக்கிறது. யாரும் கவனிக்காமல் ஒரு வேளை, இரண்டு வேளை மருந்து விட்டுப்போவது. கசிவு கண்ணில் படும், உடனே நாலு பேர் ஓடி வருவார்கள். விட்டுப்போன மாத்திரை சத்தம் போடாது. மூன்றாம் நாள் காலையில் வாய் கோணி, கை தூக்க முடியாமல் கிடக்கும்போதுதான் தெரியும். அதனால் இந்த நோயாளிகள் விஷயத்தில் உங்கள் நாக்கில் எப்போதும் இருக்க வேண்டிய கேள்வி, "கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்பது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில், மருந்து எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் ஓடாமல் தேங்கும். இடது மேலறையில் ஒரு சின்னப் பை போன்ற பகுதி இருக்கிறது, பெரும்பாலும் அங்கேதான் ரத்தக் கட்டி உருவாகிறது. அது பிய்ந்து மேலே போனால் மூளை ரத்தக்குழாயை அடைத்துவிடும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தைச் சரியான அளவில் எடுத்தால் அந்த அபாயத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. இப்படிப் பலன் தரும் மருந்து கொஞ்சம்தான், அதனால்தான் கசிவு அபாயம் இருந்தும் கொடுக்கிறார்கள்.

"ரத்தத்தை மெலிதாக்கும் மருந்து" என்று எல்லோரும் சொல்கிறோம், நோயாளியிடம் அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் ரத்தம் தண்ணீர்போல் ஆவதில்லை, உறைவதற்கு எடுக்கும் நேரம்தான் கூடுகிறது. அதோடு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை வேறு வகை, அவை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து வந்த பக்கவாதத்துக்கு அவை பொருத்தம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஆஸ்பிரின் இந்த மருந்துகளுக்கு ஈடாகாது. "ரத்த மெலிதாக்கி எடுக்கிறார்" என்று ஹேண்ட்ஓவரில் யாராவது சொன்னால் எது என்று திரும்பக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அடுத்து, எந்த மருந்து என்று கண்ணால் பாருங்கள்

நோயாளியின் வார்த்தையை மட்டும் நம்பாமல் மாத்திரை அட்டையை, பழைய மருந்துச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பெயரும் மில்லிகிராமும் படித்து எழுதுங்கள். மாத்திரையின் நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது, நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், நாட்டுக்கு நாடு மாறும்.

வார்ஃபரின் பழையது. 1954 முதல் மனிதர்களுக்குப் பயன்பாட்டில் இருக்கிறது. கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத் தயாரிக்கும் உறைதல் காரணிகளான (ரத்தம் உறைய உதவும் புரதங்கள்) 2, 7, 9, 10 ஆகிய நான்கையும் குறைக்கிறது. ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஐ.என்.ஆர். 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) இருந்த இடத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5. ஒன்றை மனதில் வையுங்கள்: வார்ஃபரின் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கும், அது ஆயுள் குறைந்த 7-ஆம் காரணி முதலில் வற்றுவதால் வருகிற ஏற்றம். உண்மையான பாதுகாப்புக்கு 2-ஆம் காரணி குறைய வேண்டும், அதற்கு ஐந்து நாளாவது ஆகும். அதனால் எண் ஏறிவிட்டதே என்று, வார்ஃபரின் பலன் தரும்வரை கூடவே போடும் ஹெப்பாரின் ஊசியை நிறுத்தலாமா என நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

புதிய வகை நான்கு: டாபிகட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான். டாபிகட்ரான் ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் என்ற பொருளை நேரடியாகத் தடுக்கிறது, மற்ற மூன்றும் 10-ஆம் காரணியைத் தடுக்கின்றன. இவற்றுக்கு வழக்கமான ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டாம். வேண்டாம் என்பதைவிட, பார்த்தாலும் உதவாது என்பதுதான் சரி. ரிவரோக்ஸபான் எடுப்பவரின் ஐ.என்.ஆர். இயல்பாக வந்தது என்பதற்காக மருந்து உடலில் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

உலோக வால்வு உள்ளவர்களுக்கும், மைட்ரல் வால்வு நடுத்தரமாகவோ அதிகமாகவோ சுருங்கியவர்களுக்கும் புதிய வகை கொடுப்பதில்லை, வார்ஃபரின்தான். அப்படிப்பட்டவரின் சார்ட்டில் புதிய வகை எழுதியிருந்தால் மாத்திரையைக் கையில் எடுக்கும் முன் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கருவுற்றிருக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு எந்த வகை எழுதியிருந்தாலும் அதேபோல்.

கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), எடை, வயது. இந்த மூன்றும் இல்லாமல் புதிய வகைகளின் அளவு சரியா என்று சொல்லவே முடியாது. அபிக்ஸபான் வழக்கமாக 5 மி.கி. இரண்டு வேளை. ஆனால் வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் 2.5 மி.கி. இரண்டு வேளை. மூன்றில் ஒன்று மட்டும் இருக்கும்போது "வயசானவர்தானே, பாவம்" என்று குறைத்து எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். குறைத்த அளவு பாதுகாப்பானது என்று தோன்றும், பக்கவாதத்துக்கு எதிரான காவல்தான் குறைகிறது. டாபிகட்ரானில் ஏறக்குறைய 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, ஆகவே வயிற்றுப்போக்கு, வாந்தி, நீரிழப்பு என்று வந்தவருக்கு இந்த மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். எடையை நோயாளியிடம் கேட்டு எழுதாமல் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, ரத்த அழுத்தம். மேல் அழுத்தம் 160-ஐத் தாண்டிக் கட்டுப்படாமல் இருந்தால் மூளைக்குள் கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. அழுத்தத்தை அளந்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகராதீர்கள், சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள்.

ஐ.என்.ஆர்.-க்கு ரத்தம் எடுப்பதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் அடிக்கடி தப்பு நடக்கிறது. நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் ரத்தமும் சிட்ரேட்டும் 9-க்கு 1 என்ற விகிதத்தில் சேர வேண்டும். கோடு வரை நிரப்பாவிட்டால் சிட்ரேட் அதிகமாகி, ஐ.என்.ஆர். உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்தப் பொய் எண்ணைப் பார்த்து டாக்டர் மருந்தைக் குறைப்பார். ஹெப்பாரின் ஓடும் லைனிலிருந்தும் எடுக்கக் கூடாது. குழாயை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள், உலுக்காதீர்கள்.

சார்ட்டில் இரட்டை மருந்து இருக்கிறதா என்று தேடுங்கள். நோயாளி வீட்டிலிருந்தே அபிக்ஸபான் எடுத்துக்கொண்டு வந்திருப்பார், அது ஒரு பக்கத்தில் இருக்கும். படுக்கையில் கிடப்பவருக்குக் காலில் ரத்தம் உறையாமல் இருக்க எல்லோருக்கும் எழுதுவதுபோல் இனாக்ஸபாரின் ஊசி இன்னொரு பக்கத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்தே போகும். எழுதியவர் வேறு, கொடுப்பவர் வேறு என்பதால் நடுவில் நிற்கும் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அதே கண்ணோடு பார்க்க வேண்டியவை. வயிற்றில் புண் உண்டாக்கி, தட்டணுவையும் கெடுத்து, கசிவைக் கூட்டுவதில் இவை கெட்டிக்காரர்கள். வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால்தான் முதலில். அதையும் அதிக அளவில் நாள்கணக்காகக் கொடுத்தால் வார்ஃபரின் எடுப்பவரின் ஐ.என்.ஆர். ஏறலாம்.

புதிதாக ஆன்டிபயாடிக்கோ வேறு மருந்தோ தொடங்கினாலே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், அமியோடரோன் எல்லாம் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். ரிஃபாம்பிசின், கார்பமசெபைன், ஃபெனிடாய்ன் குறைக்கும். ரிஃபாம்பிசின் புதிய வகைகளையும் பலமிழக்கச் செய்யும், அது பலருக்குத் தெரிவதில்லை. இந்தக் கூட்டணியைப் பார்த்தால் அடுத்த ஐ.என்.ஆர். எப்போது என்று கேளுங்கள். வழக்கமான தேதிவரை காத்திருக்க முடியாது.

கொடுக்கும்போது

பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் என்றால் விழுங்கும் பரிசோதனை முடியும்வரை வாய்வழியாக எதுவும் கிடையாது, இந்த மாத்திரை உட்பட. பக்கவாதம் வந்த பிறகு மருந்தை எந்த நாளில் தொடங்குவது என்பது மூளையில் பாதித்த பகுதியின் அளவைப் பார்த்து டாக்டர் எடுக்கும் முடிவு. உங்கள் வேலை, அந்த நாள் சார்ட்டில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதும், எழுதிய நாளில் மருந்து உண்மையிலேயே தொடங்கியதா என்று பார்ப்பதும்.

டாபிகட்ரான் கேப்சூலைத் திறக்கவோ மெல்லவோ கூடாது. திறந்து உள்ளே இருப்பதைக் கொட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு 75 சதவீதம் வரை கூடிவிடும். ஈரம் பட்டால் கெட்டுப்போகும் மருந்து அது, எனவே அட்டையிலிருந்து எடுத்து வாராந்திர மாத்திரைப் பெட்டியில் போட்டு வைக்கவும் கூடாது. மூக்குக் குழாய் போட்டவருக்கு டாபிகட்ரான் எழுதியிருந்தால் மாற்று கேளுங்கள். அபிக்ஸபானைப் பொடித்து நீரில் கரைத்துக் குழாயில் விடலாம். ரிவரோக்ஸபானையும் பொடிக்கலாம், ஆனால் குழாயின் நுனி இரைப்பையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிச் சிறுகுடலில் இருந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

ரிவரோக்ஸபான் 20 மி.கி. அல்லது 15 மி.கி. எழுதியிருந்தால் சாப்பாட்டோடுதான். வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்தில் கணிசமான பங்கு வீணாகிறது. நோயாளி இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் தள்ளிவிட்டார், மாத்திரையை மட்டும் தண்ணீரோடு போட்டுவிட்டோம், சார்ட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. காகிதத்தில் எல்லாம் சரி, உடம்பில் முழு மருந்தும் சேரவில்லை. சாப்பிடவில்லை என்றால் அதை எழுதுங்கள், சொல்லுங்கள்.

விட்டுப்போன வேளை பற்றி. இரண்டு வேளை மருந்தென்றால் 6 மணி நேரத்துக்குள், ஒரு வேளை மருந்தென்றால் 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் கொடுக்கலாம், தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. வார்ஃபரினை அதே நாளுக்குள் நினைவு வந்தால் கொடுக்கலாம். எந்த மருந்தாக இருந்தாலும் சேர்த்து இரண்டு மாத்திரை கிடையவே கிடையாது. புதிய வகைகள் உடலில் தங்கும் நேரம் குறைவு, அபிக்ஸபானின் அரை ஆயுள் (ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 12 மணி நேரம்தான். இரண்டு வேளை தவறினால் பாதுகாப்பு ஏறக்குறைய போய்விட்டது என்றே வையுங்கள்.

நான் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரை ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருந்தோம். காலை வேளை மருந்து எல்லாவற்றையும் நிறுத்தினோம், அதோடு இதுவும் நின்றது. ஸ்கேன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது, மறுநாளும் அதே. நிறுத்தியவர் ஒரு ஷிஃப்ட், தொடங்கியிருக்க வேண்டியவர் வேறு ஷிஃப்ட். மூன்றாவது நாள் மதியம் அவர் மகள்தான் வந்து, "அப்பாவோட ரத்த மாத்திரை அட்டையில கணக்குக் குறையவே இல்லையே" என்று கேட்டார். அவருக்கு எதுவும் ஆகவில்லை, நல்லவேளை. அன்றிலிருந்து "நிறுத்தப்பட்டது" என்று எழுதும் இடத்திலேயே எப்போது திரும்பத் தொடங்குவது, யாரிடம் கேட்டேன் என்று எழுதாமல் நான் பேனாவை மூடியதில்லை. வெறும் வயிறு என்றால் ஒரு வாய் தண்ணீரோடு இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டாலே பல நேரம் கொடுக்கச் சொல்வார்கள்.

கசிவைத் தேடுவது

தேடுவது என்றே சொல்கிறேன், ஏனென்றால் காத்திருந்தால் தாமதமாகத்தான் தெரியும். நோயாளியைக் குளிப்பாட்டும்போது, புரட்டும்போது முதுகு, இடுப்பு, தொடையின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். ரத்தம் கட்டிய நீலத் திட்டு இருந்தால் தோலில் பேனாவால் ஓரத்தைக் கோடு போட்டு நேரம் குறித்து வையுங்கள். அடுத்த ஷிஃப்டில் கோட்டைத் தாண்டியிருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. பல் தேய்க்கும்போது ஈறைப் பாருங்கள், மென்மையான பிரஷ் கொடுங்கள், சவரத்துக்கு பிளேடு வேண்டாம், மின்சார ஷேவர் நல்லது.

யூரின் பையின் நிறம் ஒவ்வொரு முறையும். மலம் கருப்பாக, தார்போல் ஒட்டி, தனியான ஒரு நாற்றத்தோடு போனால் மேல்வயிற்றில் கசிவு. இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவருக்கும் கருப்பாகப் போகும், ஆனால் அது தார்போல் ஒட்டாது. சந்தேகமாக இருந்தால் கழுவி ஊற்றிவிடாமல் வைத்திருந்து காட்டுங்கள். பெரும்பாலான நோயாளிகள் மலத்தைப் பற்றித் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் மட்டுமே சொல்வார்கள். மாதவிடாய் உள்ள பெண்களிடம் இந்த மருந்து தொடங்கிய பின் போக்கு அதிகமாகிவிட்டதா என்று தனியாக, திரை போட்டுக் கேளுங்கள். அதை யாரும் கேட்காமலே விடுவதால் ரத்தசோகையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளியே தெரியாத கசிவும் உண்டு. காரணமில்லாமல் நாடி வேகம் கூடுகிறது, அழுத்தம் இறங்குகிறது, முகம் வெளிறுகிறது, "என்னமோ மாதிரி இருக்கு" என்கிறார். முதுகின் ஒரு பக்கம், இடுப்பு, தொடை என்று வலி சொல்கிறார். வயிற்றுக்குப் பின்புறம் ரத்தம் சேரும்போது இப்படித்தான் தொடங்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு நாடி வேகம் கூடாமலேயும் இருக்கலாம், அதனால் நாடி 80-தானே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

ஊசி விஷயத்தில்: தசை ஊசியைத் தவிர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள், மாற்று வழி பெரும்பாலும் இருக்கும். ரத்தம் எடுத்த இடத்தை 5 நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள், பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்துவிட வேண்டாம். இனாக்ஸபாரின் போடுவதென்றால் வயிற்றுத் தோலில், இடம் மாற்றி மாற்றி, நிரப்பி வரும் சிரிஞ்சின் காற்றுக் குமிழை வெளியேற்றாமல், போட்ட பிறகு தேய்க்காமல்.

கீழே விழுந்துவிட்டால்

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் கவலைப்படும் இடம். இந்த மருந்து எடுப்பவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், தலை சுவரில் லேசாக இடித்தது, எழுந்து நின்று "ஒண்ணுமில்லம்மா" என்று சிரிக்கிறார். சிரித்தாலும் டாக்டர் வந்து பார்க்க வேண்டும், பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். நினைவு நிலையையும் கண்மணியையும் கை கால் பலத்தையும் முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, பிறகு 2 மணிக்கு ஒருமுறை என்று பார்ப்பது பல இடங்களில் நடைமுறை. தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று உறவினர் சொல்வார்கள். எழுப்பத்தான் வேண்டும். ஏன் என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் மண்டையோட்டுக்குள் இடம் இருக்கும், மெல்லக் கசியும் ரத்தம் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் சேர்ந்த பிறகே அறிகுறி காட்டும். ஸ்கேன் நன்றாக இருந்து வீட்டுக்குப் போனவருக்கும், பத்து நாள் கழித்துத் தலைவலி, குழப்பம், நடை தள்ளாட்டம் வந்தால் உடனே திரும்பி வரச் சொல்ல வேண்டும். இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

அதற்காக, விழுவார் என்ற பயத்திலேயே மருந்தை நிறுத்திவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். விழும் வாய்ப்பு மட்டும் மருந்தை நிறுத்தக் காரணமாகாது என்பதுதான் வல்லுநர்களின் பொதுவான கருத்து. நாம் செய்ய வேண்டியது விழாமல் பார்த்துக்கொள்வது: கட்டில் உயரம், இரவு விளக்கு, வழுக்காத செருப்பு, மூக்குக் கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில், சிறுநீர் மாத்திரையை மாலையில் கொடுக்காமல் காலையில், எழுந்ததும் நிற்காமல் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார வைத்தல்.

மருந்து எடுத்தும் பக்கவாத அறிகுறி வந்தால்

மருந்து அபாயத்தைக் குறைக்கும், முழுதாகப் போக்காது. முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை போவது, நிலை தடுமாறுவது. எது தெரிந்தாலும் அவசர அழைப்பு, சர்க்கரை அளவு, கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்ற நேரம். இவற்றோடு அந்தப் பழைய கேள்வி: கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்கிறார்கள். ஐ.என்.ஆர். 1.7-ஐத் தாண்டியிருந்தாலோ, புதிய வகை மாத்திரையைக் கடந்த 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தாலோ பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆகவே நீங்கள் சொல்லும் அந்த ஒரு நேரத்தை வைத்துத்தான் கரைக்கும் ஊசியா, கட்டியைக் குழாய் விட்டு எடுப்பதா, டாபிகட்ரானாக இருந்தால் முதலில் முறிமருந்தா என்று வழி பிரியும். சார்ட்டில் "காலை வேளை கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது ஆறு மணியா பத்து மணியா? நீங்கள் கொடுத்த நிமிடத்தை எழுதுங்கள்.

கசிவு நடந்துவிட்டால்

சின்னக் கசிவு என்றால் கையால் முடியும். மூக்கில் ரத்தம் வந்தால் நோயாளியை உட்காரவைத்து முன்பக்கம் சாய்த்து மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நின்றதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை விட்டு விட்டுப் பார்த்தால் நிற்கவே நிற்காது.

பெரிய கசிவென்றால் அடுத்த வேளை மருந்தை நிறுத்தி டாக்டரை அழைத்து, பெரிய கேனுலா (ரத்த நாளத்தில் போடும் ஊசிக் குழாய்) இரண்டு போட்டு, ரத்தப் பிரிவுக்கும் ஹீமோகுளோபினுக்கும் உறைதலுக்கும் ரத்தம் அனுப்பி, அழுத்தும் இடம் இருந்தால் அழுத்திக்கொண்டே இருங்கள். வார்ஃபரினுக்கு வைட்டமின் கே-யும் உறைதல் காரணிகள் அடங்கிய புரோத்ராம்பின் காம்ப்ளெக்ஸ் செறிவும். வைட்டமின் கே நரம்பு வழியாகப் போவதென்றால் மெதுவாக, கலந்து, நோயாளியின் பக்கத்தில் நின்று கொடுக்க வேண்டும். வேகமாகக் கொடுத்தால் ஒவ்வாமை போன்ற கடும் எதிர்வினை வரலாம். அது வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும், உடனே எதிர்பார்க்காதீர்கள். டாபிகட்ரானுக்கு அதன் முறிமருந்தான இடருசிசுமாப் 5 கிராம். மற்ற மூன்றுக்கும் பெரும்பாலான இடங்களில் புரோத்ராம்பின் காம்ப்ளெக்ஸ்தான் கைகொடுக்கிறது. மாத்திரை எடுத்துச் சில மணி நேரமே ஆகியிருந்தால், வயிற்றில் உள்ள மருந்தைப் பிடித்துக்கொள்ளும் மருத்துவக் கரித்தூள் கொடுக்கலாமா என்று பார்ப்பார்கள். மறுபடியும் அதே கேள்விதான், எத்தனை மணிக்கு?

கசிவு எதுவும் இல்லாமல் ஐ.என்.ஆர். மட்டும் 5, 6 என்று வந்தால் பதற வேண்டாம். மருந்தை ஒன்றிரண்டு வேளை நிறுத்தி மறுபடி பார்ப்பதுதான் வழக்கம், காரணத்தையும் தேட வேண்டும். 10-ஐத் தாண்டினால் வாய்வழி வைட்டமின் கே கொடுப்பார்கள். எப்படி இருந்தாலும் எண்ணை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன், பல் பிடுங்குவது

வார்ஃபரினைப் பொதுவாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். புதிய வகைகளைக் கசிவு அபாயத்தைப் பொறுத்து 1 அல்லது 2 நாள் முன், சிறுநீரகம் பலவீனமென்றால் டாபிகட்ரானை இன்னும் முன்பே. ஒரு பல் பிடுங்குவது போன்ற சின்ன வேலைக்குப் பெரும்பாலும் முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. நோயாளிகள் தாங்களாக நிறுத்திவிட்டு வருவார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்

டிஸ்சார்ஜ் அன்று எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பத் தோன்றும். ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டி இது எதற்கு, எத்தனை மணிக்கு, மறந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. மாத்திரையை உண்மையில் எடுத்துக் கொடுப்பவர் யார் என்று கேட்டு அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

வார்ஃபரின் எடுப்பவர்களிடம் கீரையே சாப்பிடக் கூடாது என்று சொல்லாதீர்கள். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும் என்பதுதான் விஷயம், அளவு திடீரென்று கூடினாலோ குறைந்தாலோதான் ஐ.என்.ஆர். ஆடும். மது பற்றிக் கேளுங்கள். மூலிகை மருந்து, சத்து மாத்திரை எதுவாக இருந்தாலும் கேட்ட பிறகே எடுக்கச் சொல்லுங்கள். புதிய வகை எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று ஒரு நினைப்பு இருக்கும். சிறுநீரகத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், ஏற்கெனவே பலவீனமென்றால் இன்னும் அடிக்கடி.

மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, எதற்கு, யாரை அழைப்பது என்று எழுதிய ஒரு சின்ன அட்டையைப் பணப்பையில் வைக்கச் சொல்லுங்கள். எந்தச் செலவானாலும், எத்தனை நாள் நன்றாக இருந்தாலும், நாடி ஒழுங்காகிவிட்டதுபோல் தோன்றினாலும் அவராக நிறுத்தக் கூடாது. நிறுத்த ஆசை வந்தால் முதலில் கூப்பிடுங்கள் என்று சொல்லி, வார்டு எண்ணை அந்த அட்டையின் பின்பக்கம் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.